ஒன்றே ஒன்று என்றால் அது டபுள் டை இல்லை

கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் பூக்கடைகளைத் தாண்டி ஒரு தேநீர்க் கடை. ஒரு சனிக்கிழமை காலை எங்கள் வரிசை வீட்டு அண்ணன், லாரி ஓட்டுகிறவர், சட்டைப் பையிலிருந்து சின்னப் பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு 20 காசு. ஒரு பக்கம் செம்பருத்தி, மறுபக்கம் வெற்றிலைத் தட்டு போட்ட, வெள்ளை நிறப் பழைய காசு. ஆண்டு 1997.

“முந்நூத்தி இருவது வெள்ளி குடுத்து வாங்குனேன் தம்பி. டபுள் டை. உலகத்துலயே இது ஒண்ணுதானாம்.”

முந்நூற்று இருபது வெள்ளி அவருக்கு மூன்று நாள் ஸ்டீயரிங் பிடித்த கூலி. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதுமே, உறையைப் பிரிப்பதற்கு முன்பே, எனக்கு வயிறு கலங்கியது. டபுள் டை என்றால் என்னவென்று தெரிந்த எவரும் ஒரு காசைக் காட்டி “உலகத்திலேயே இது ஒன்றுதான்” என்று சொல்லமாட்டார்கள். அந்த இரண்டு சொற்றொடரும் ஒரே காசுக்குப் பொருந்தா.

கிள்ளான் பள்ளத்தாக்கில் காசு சேர்ப்பவர்களிடையே இன்று வேரூன்றியிருக்கும் நம்பிக்கை இது: எழுத்தோ எண்ணோ இரண்டாகத் தெரிந்தால் அது டபுள் டை. கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து நிழல்போல ஒரு கோடு தெரிந்தால் போதும். அதேபோல் இன்னொன்று யாரிடமும் இல்லையென்றால் விலை இன்னும் ஏறும். விற்பவர் சொல்கிறார், வாங்குபவர் நம்புகிறார், வாங்கியவர் மறுநாள் விற்பவர் ஆகிறார். ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். இதில் முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி தவறு மட்டுமல்ல, உண்மைக்கு நேர் எதிரானது.

ஏன் என்று புரிய, காசு எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கவேண்டும். அது ஒன்றும் தொலைதூரத்து இரகசியம் இல்லை. கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர்ப் பக்கம் புறப்பட்டால் வழியில் வருகிற ஷா ஆலாமில்தான் நம் காசுகளை அடித்த நாணய ஆலை 1970களில் எழுந்தது.

காசை நேரடியாக அடிப்பது டை. அதில் உருவம் குழிவாக, இடவலம் மாறி இருக்கும். அந்த டையைச் செய்வது இன்னோர் எஃகு அச்சு. ஹப் என்பார்கள், நாம் தாய் அச்சு என்று வைத்துக்கொள்வோம். காசில் இருப்பதுபோலவே உருவம் அதில் புடைத்து நிற்கும். இளக்கிப் பதப்படுத்திய எஃகு உருளையின் மேல் தாய் அச்சைப் பெரும் அழுத்தத்தோடு இறக்கினால் உருவம் குழிந்து பதியும். பழைய முறையில் ஒரே இறக்கில் முழு ஆழமும் கிடைக்காது. அழுத்த அழுத்த எஃகு இறுகிப்போகும். அதனால் உருளையை வெளியே எடுத்து, உலையில் சூடேற்றி, மெல்ல ஆறவிட்டு, மறுபடி இளகியதும் தாய் அச்சின் கீழ் வைத்து அழுத்துவார்கள். இரண்டாம் முறை வைக்கும்போது முன்பு பதிந்த இடத்திலேயே மயிரிழை பிசகாமல் அது உட்காரவேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும், ஒரு பக்கம் நகர்ந்திருந்தாலும், சாய்ந்திருந்தாலும் டையிலேயே உருவம் இரண்டு முறை பதிந்துவிடும். அதுதான் டபுள் டை. இரட்டிப்பு நிகழ்ந்தது காசில் இல்லை. காசு பிறப்பதற்கு எத்தனையோ நாள் முன்பே, டை செய்யும் அறையில் நிகழ்ந்துவிட்டது.

அலுவலக ரப்பர் முத்திரையை நினைத்துப் பாருங்கள். முத்திரையிலேயே எழுத்து இரட்டையாகச் செதுக்கப்பட்டிருந்தால், அந்த அலுவலகத்திலிருந்து வெளிவரும் அத்தனை தாளிலும் அதே எழுத்து அதே இடத்தில் அதே அளவு இரட்டையாக விழும். முத்திரை சரியாக இருந்து, குத்தும்போது குமாஸ்தாவின் கை ஆடியிருந்தால், அந்தத் தாளில் மட்டும் நிழலடிக்கும். அடுத்த தாளில் வேறு மாதிரி ஆடும், அதற்கடுத்த தாள் சுத்தமாக இருக்கும். டபுள் டை என்பது முதலாவது. நம் சந்தைகளில் டபுள் டை என்று கைமாறுபவற்றில் நான் லென்ஸ் வைத்துப் பார்த்தவை பெரும்பாலும் இரண்டாவது.

ஆகவே டபுள் டைக்கு இருக்கவேண்டிய முதல் அடையாளம் கூட்டம். ஒரு டை உடைந்தோ தேய்ந்தோ ஒதுக்கப்படுவதற்குள் இலட்சக்கணக்கான காசுகளை அடித்துவிடக்கூடியது. ஆலையில் யாரோ கண்டுபிடித்துச் சீக்கிரமே நிறுத்தியிருக்கலாம், அடித்தவற்றில் பாதியை உருக்கியும் இருக்கலாம். அப்படியும் ஆயிரங்கள் மிஞ்சும். அவை அத்தனையும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல ஒரே மச்சத்தோடு இருக்கும். ‘இதற்கு ஜோடி இல்லை’ என்று விற்பவர் சொன்னால் அவர் அந்தக் காசின் அருமையைச் சொல்லவில்லை. தன் கூற்றுக்குச் சாட்சி இல்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

அண்ணனின் காசை வாங்கி, வாசல் வெளிச்சத்துக்கு நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை வைத்தேன். 1997இன் இரண்டு ஒன்பதுகளுக்கும் வலப்புறம் ஏதோ தெரிந்தது, மறுக்கவில்லை. வெறுங்கண்ணுக்கு அது இன்னோர் ஒன்பதுபோலத்தான் தோன்றும். லென்ஸின் கீழ் அது எண் இல்லை. படிக்கட்டின் கடைசிப் படிபோல ஒரு தட்டை. காசின் தரையோடு ஒட்டி, உயரமில்லாமல், தேய்த்ததுபோல மினுங்கியது. காசைச் சுழற்றினால் சுற்றிலும் உள்ள பரப்பில் ஒளி பூப்போல விரிந்து ஓடியது. அந்தத் தட்டையில் மட்டும் ஓடாமல் மொத்தமாக ஒரே பளிச்சாக அடித்து அணைந்தது. அதைவிட முக்கியமானது ஒன்பதின் உடம்பு. வலப்புறம் செத்தியெடுத்ததுபோல அது இளைத்திருந்தது.

இதுதான் நான் யாருக்கும் முதலில் சொல்லித்தரும் சோதனை. எழுத்து கொழுத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா? டபுள் டையில் டையின் குழியே அகன்றிருக்கும். உலோகம் அந்த அகலம் முழுவதும் ஏறி நிரம்பும். அதனால் எழுத்து பருத்துத் தெரியும். இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டு நிற்கும். எழுத்தின் முனைகளில், கோடுகள் முடியும் இடங்களில், பிளந்த பாம்பு நாக்குபோல ஒரு பிளவு தெரியும். மற்றதில் நடப்பது வேறு. சரியான டை சரியாகவே அடிக்கிறது. ஆனால் அது பிடிப்பில் தளர்ந்திருப்பதால், அடித்துவிட்டு விலகும் அந்தக் கண நேரத்தில் துள்ளியோ வழுக்கியோ, அப்போதுதான் எழும்பிய எழுத்தின் ஓரத்தை நசுக்கித் தள்ளிவிடுகிறது. தட்டைக்கு வேண்டிய உலோகம் எழுத்திலிருந்தே எடுக்கப்பட்டது. ஆகவே எழுத்து இளைக்கும். இதை ஆங்கிலத்தில் மெஷின் டபிளிங் என்கிறார்கள். அச்சு ஆட்டம் என்று நான் சொல்வேன்.

“அப்ப நான் ஏமாந்துட்டேனா?” என்றார் அண்ணன். அந்தக் கேள்விக்கு என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. தே தாரிக் ஆறி ஆடை படிந்திருந்தது.

அடுத்த வாரம் அவர் விற்றவரிடமே போய்க் கேட்டிருக்கிறார். கிடைத்த பதிலை இங்கே வைப்பது நியாயம், ஏனென்றால் எதிர்த்தரப்பின் வலுவான வாதம் அதுதான். “ஆட்டமோ கீட்டமோ, ஆலையிலதான நடந்துச்சு? கடைக்காரன் சுத்தியால அடிச்சானா? ஆலையில நடந்தா அது எரர்தான்.”

ஆலையில் நடந்தது என்பது உண்மை, அதை ஏற்கிறேன். ஆனால் அவர் விற்றது ‘ஆலையில் ஏதோ நடந்த காசு’ என்று சொல்லி இல்லை. டபுள் டை என்று பெயர் சொல்லி, அந்தப் பெயருக்கு உலகச் சந்தையில் இருக்கும் விலையைக் காட்டி விற்றார். வஞ்சிர மீன் விலைக்குக் கெம்போங் மீனைக் கொடுத்துவிட்டு, இதுவும் கடலில் பிடித்ததுதானே என்றால் ஏற்போமா? அச்சு ஆட்டம் ஒவ்வோர் அடியிலும் ஒவ்வோர் அளவில் விழும். ஒரு மூட்டைச் சில்லறையைக் கொட்டிப் பொறுமையாகப் பார்த்தால் யாருக்கும் அகப்படும். அதை ஆர்வத்துக்காக எடுத்து வைப்பதில் தவறில்லை. நானும் ஒரு கைப்பிடி வைத்திருக்கிறேன், புதியவர்களுக்குக் காட்ட. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற பெரிய தரச்சான்று நிறுவனங்கள் அச்சு ஆட்டத்துக்கு டபுள் டை என்று எழுதித் தருவதில்லை. ஆலையில் நடந்தது என்ற ஒன்றே போதுமென்றால் அவர்கள் ஏன் மறுக்கவேண்டும்?

கண்ணை ஏமாற்றுவது அது ஒன்றுமட்டும் இல்லை. டை தேயத் தேய, உலோகம் பாய்ந்து பாய்ந்து அதன் ஓரங்கள் கரைந்துபோகும். அப்போது எழுத்தைச் சுற்றி மங்கலான ஒரு வீக்கம் வரும், பல சமயம் இரண்டு பக்கமும். சுற்றுப்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரக்கும். மேலுறை போட்ட காசுகளில் இன்னொரு கண்கட்டு. அமெரிக்கர்கள் 1982இல் சென்டைச் செம்புப் பூச்சிட்ட துத்தநாகமாக மாற்றிய பிறகு, அடிக்கும்போது பூச்சு விரிந்து எழுத்தோரத்தில் உள்ளிருக்கும் வெண்ணிறம் கோடாகத் தெரிவது சர்வ சாதாரணமாகிவிட்டது. நம் ரெபானா மேளம் போட்ட 1 காசும் எஃகின் மேல் செம்பு நிற உறை போட்டதுதான், காந்தத்தைக் காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அதன் எழுத்தோரத்தில் ஒரு கோட்டைப் பார்த்ததும் துள்ளிக் குதிப்பவர்கள் முதலில் அந்தக் கோட்டின் நிறத்தைப் பார்க்கட்டும். இன்னும் சிலர் இரண்டு முறை அடிபட்ட காசையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். ராஜராஜன் காலத்துச் செப்புக் காசைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சுத்தியல் துள்ளி மறுபடி விழுந்தால் உருவம் இரண்டாகும். அது அந்த ஒரு காசின் கதை, டையின் கதை இல்லை.

சரியான டபுள் டை எப்படி இருக்கும் என்பதற்கு உலகம் காட்டும் முதல் உதாரணம் 1955ஆம் ஆண்டு அமெரிக்கச் சென்ட். பிலடெல்பியா ஆலையில் லிங்கன் தலைப் பக்கத்து டை ஒன்று தாய் அச்சின் கீழ் திரும்பி உட்கார்ந்துவிட்டது. ஆண்டு எண்ணும் வாசகங்களும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும், லென்ஸே வேண்டாம். ஆலையில் கண்டுபிடித்தபோது, ஏறக்குறைய 20,000 முதல் 24,000 வரையிலான காசுகள் மற்ற இலட்சக்கணக்கான காசுகளோடு கலந்துபோயிருந்தன. அவற்றுக்காக எல்லாவற்றையும் உருக்குவானேன் என்று வெளியே விட்டுவிட்டார்கள். அக்காலத்தில் சிகரெட் விற்கும் இயந்திரத்தில் 25 சென்ட் போட்டால் பெட்டி வரும். பெட்டியின் விலை 23 என்பதால் மீதி இரண்டு சென்டைக் கண்ணாடித்தாளுக்குள் செருகி வைத்திருப்பார்கள். பல காசுகள் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

இருபதாயிரத்துக்கு மேல் இருந்தும் அந்தக் காசு இன்றைக்கும் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோகிறது. நம் ஊர் நம்பிக்கைப்படி இது நடக்கவே கூடாது, ஒன்றே ஒன்றாக இருந்தால்தானே விலை? நடக்கிறது, ஏனென்றால் இருபதாயிரமும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன. எண் எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கவேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். அதே 1955இல், தேய்ந்த டைகளிலிருந்து கடைசி ஐந்து மங்கலாக இரட்டித்த சென்டுகளும் வந்தன. அவற்றை ‘ஏழையின் டபுள் டை’ என்று பெயர் சூட்டி விற்றார்கள். பேர் வைத்ததால் அது டபுள் டை ஆகிவிடவில்லை. அந்தப் பெயரை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், ஏழைக்கு என்று வந்தால் அங்கேயும் தேய்ந்ததுதான்.

1969இல் சான் பிரான்சிஸ்கோ ஆலையின் எஸ் குறியோடு வந்த டபுள் டையின் கதை வேறு: அங்கே அசலே சந்தேகத்துக்கு உள்ளானது. அந்தச் சமயத்தில் இரண்டு பேர் 1969 ஆண்டிட்டுப் போலி டபுள் டைகளைச் செய்து மாட்டிக்கொண்டார்கள். அதனால் அசல் எஸ் குறிக் காசுகள் சிலவும் போலி என்று அரசாங்கத்தால் பறிமுதல் செய்யப்பட்டன. அவை அசல்தான் என்பது பிற்பாடு ஏற்கப்பட்டது.

இனி விலைப் பேச்சு. “ஒருத்தர் குடுக்கிறார், ஒருத்தர் வாங்குறார், உனக்கென்ன?” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. எனக்கென்ன என்றால், கொடுப்பவர்களை நான் பார்க்கிறேன். பள்ளிக்கூடக் காவலாளி, பகுதிநேரமாகத் துப்புரவு வேலை செய்யும் அக்கா, தொழிற்சாலையில் மிகைநேரம் பார்க்கும் இளைஞர்கள். வசதி படைத்த சேகரிப்பாளர் இப்படி ஏமாறமாட்டார், அவரிடம் விலைப்பட்டியலும் நூலும் கேட்டுப் பார்க்க ஆளும் இருக்கும். ஏமாறுபவர்கள், இந்தச் சில்லறையில் தங்கள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் ஒளிந்திருக்கக்கூடும் என்று நம்பி இரவெல்லாம் கண்விழித்துத் தேடுபவர்கள். கேட்கும் விலையும் விற்ற விலையும் ஒன்று என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். யாரோ ஐயாயிரம் வெள்ளி என்று எழுதிப்போட்டதைக் காட்டுகிறார்கள். அந்த ஐயாயிரத்துக்கு யார் வாங்கினார் என்று கேட்டால் பதில் இல்லை. கெரிஸ் போட்ட 1 வெள்ளிக் காசும் இப்படித்தான் கைக்குக் கை பெரிதாகப் பேசப்படுகிறது. அது 2005 டிசம்பர் 7 முதல் செல்லாது. செல்லாமல் போனதும் அரிதாகிப் போனதும் ஒன்றில்லை. உண்மையில் அரிதான நம் காசை அறிய யாருடைய வாய்ச்சொல்லும் வேண்டாம். நாடாளுமன்றக் கட்டடம் போட்ட வரிசையில் 1971ஆம் ஆண்டு 20 காசு அரிது. ஆண்டைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

எதிர் முனையில் நிற்பவர்களையும் நான் ஏற்கவில்லை. எரர் காசு எல்லாமே ஏமாற்று, இந்தக் காலத்து ஆலைகள் ஒரே அழுத்தில் டையைச் செய்து முடிப்பதால் டபுள் டை வரவே வராது என்று அடித்துப் பேசுகிறார்கள் சிலர். அமெரிக்க ஆலை 1990களின் பிற்பகுதியில் அந்த முறைக்கு மாறிய பின்னும் டபுள் டைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உருளை சாய்ந்து உட்கார்ந்து, அழுத்தத்தில் நிமிரும்போது நடுப்பகுதியில் சின்னதாக இரட்டிப்பு விழுகிறது. அது கண்ணைப் பறிப்பதாக இராது, ஆனால் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் டபுள் டையைப் பல வகையாகப் பிரித்து, அமெரிக்கச் சென்ட் போன்றவற்றுக்கு டைவாரியாக எண் கொடுத்துப் படத்தோடு பட்டியல் போட்டிருக்கிறார்கள். டையில் விழுந்த கீறல், விரிசல், மெருகேற்றிய கோடு வரை குறித்திருக்கிறார்கள். இரண்டு காசுகளில் இரட்டிப்பும் ஒன்று, கீறலும் ஒன்று என்றால் இரண்டும் ஒரே டையின் பிள்ளைகள். பழங்கால நாணய ஆய்வாளர்களும் இதே வழியில்தான் காசுகளை ஒன்றோடொன்று கோக்கிறார்கள்.

அந்த வேலை நம் காசுகளின் வெற்றிலைத் தட்டுக்கும் ரெபானாவுக்கும் சோங்காக் பலகைக்கும் ஏன் நடக்கக்கூடாது? அதற்குப் பணம் வேண்டாம். லென்ஸ், மேசை விளக்கு, ஒரு நோட்டு. முதலில் சரியான காசு எப்படி இருக்கும் என்று கண் பழகவேண்டும். கோலாலம்பூர் சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகத்துக்குப் போய் நாணயக் கூடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் பாதிப் பழக்கம் வந்துவிடும். மீதி வீட்டுச் சில்லறையிலேயே இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸில் இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் வீட்டில் நாங்கள் அதைத்தான் செய்கிறோம். 2008 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கடைகளில் ரொக்கத் தொகையை 5 காசுக்குக் கணக்காக்கத் தொடங்கியபோது, கையிலிருந்த 1 காசுகளை எல்லாம் அவர் ஒரு மைலோ டின்னில் போட்டு மூடிவிட்டார். பிறகு அக்கம்பக்கத்தாரும் கொண்டுவந்து கொட்ட, டின் மூன்றானது. ஞாயிறு மாலையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஆண்டுவாரியாகக் குவித்து, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். லாரி அண்ணனும் இப்போது வருகிறார். அந்த 20 காசு அவர் பையிலேயே இருக்கிறது, யார் தலையிலும் கட்டமாட்டேன் என்கிறார். சந்தைக்கு வரும் பையன்களிடம் அதை லென்ஸோடு நீட்டி, “எண்ணு இளைச்சிருக்கா பாரு” என்று காட்டுகிறார்.

போன ஆண்டு இறுதியில் மாமா ஒரு 1 காசைத் தனியே எடுத்து வைத்தார். ஆண்டின் கடைசி எண் கொழுத்திருந்தது. தட்டை இல்லை, மினுக்கம் இல்லை, உறை கிழிந்த கோடும் இல்லை. முனையில் மெல்லிய பிளவு. மூவரும் மாற்றி மாற்றிப் பார்த்தோம், வெகுநேரம் யாரும் பேசவில்லை. பார்த்த வியாபாரி ஒருவர் அங்கேயே 150 வெள்ளி தருகிறேன் என்றார். மாமா தலையை ஆட்டிவிட்டார். மூன்று டின்னிலும் அதே ஆண்டுக் காசுகள் 212 இருந்தன. எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டோம். அதேபோல் இன்னொன்று இல்லை.

அந்தக் காசு இப்போது பழுப்புக் காகித உறையில் இருக்கிறது. மேலே மாமாவின் சாய்ந்த கையெழுத்தில் இரண்டே சொல்: ‘ஜோடி இல்லை.’ செந்தூல் பக்கம் ஒரு கோயிலில் உண்டியலில் விழுந்த பழைய 1 காசுகள் நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்த ஞாயிறு அங்கே அனுமதி கேட்கப் போகிறோம்.